முந்தி வந்த சத்தம்

முதலில் தறிகள் நின்றன. கரண்ட் அதற்குப் பிறகுதான் போனது.

பாலசுந்தரம் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜலகண்டாபுரத்தில் அவர் குடியிருந்த தெருவின் விசைத்தறிச் சத்தம் லேசுப்பட்டதல்ல. அதில் சுவரில் மாட்டிய காலண்டர் தன் தாளைத் தானே கிழித்துக்கொள்ளும். பாலில் ஆடை படியப் பயப்படும். கல்யாணமாகி வந்த பெண்கள் மூன்று மாதம் இங்கே குடித்தனம் செய்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனால், குடிக்கத் தண்ணீர் கேட்பதைக் கூடச் சண்டைக்கு இழுக்கிறாள் என்று அங்கே பஞ்சாயத்து கூடும். அப்பேர்ப்பட்ட சத்தம் பட்டப்பகலில், கத்தரி வைத்து நறுக்கியது போல, அவர் காதுக்குள் அறுந்து விழுந்தது. “எவன்டா அவன் ஃபியூசைப் புடுங்கறவன்!” என்று எதிர் வீட்டில் குடியிருக்கும் மைத்துனன் வேல்முருகன் கத்துவதும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே, எதிர்த் தறிக்கூடத்தில் நூலை இழுத்துக்கொண்டு நாடா இப்படியும் அப்படியும் பறந்துகொண்டிருந்தது. வேல்முருகன் அறுந்த இழையைப் பல்லில் கடித்தபடி குனிந்து நின்றான்; வாயே திறக்கவில்லை. எல்லாம் ஓடியது, சத்தம் இல்லாமல். ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கும் நேரம்தான். பிறகு மின்விசிறி தளர்ந்தது. நாடா பாதி வழியில் நின்றது. வேல்முருகன் இழையைத் துப்பிவிட்டு, தலையை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, ஓசையே இல்லாமல் ‘எவன்டா அவன்’ என்றான்.

பாலசுந்தரம் வலது காதில் இருந்த காது கேட்கும் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புளியங்கொட்டை அளவு. சாம்பல் நிறம். ஒரு திருகாணி கூட இல்லாமல் வார்த்து மூடிய உடம்பு.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் அடுக்களைப் பக்கம் பார்த்து. “தொறந்து பார்க்க வழி வைக்காதவன் உள்ளுக்குள்ள என்னத்தையோ ஒளிச்சு வெச்சிருக்கான்.”

சாரதாமணி எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். கருவி கையில் இருந்ததால் குரல் கேட்கவில்லை. ஆனால் அவள் உதடுகள் அவருக்கு அத்துப்படி. ‘மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?’

முப்பது வருடமாக அவர் ஆரம்பித்தபடியேதான் இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் ஒரு இயந்திரம் வந்து இறங்கினால், அதன் ஒயர் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரைபடமும் கட்டுக்கட்டாகக் கூடவே வந்து இறங்கும். அந்தப் பழக்கதோஷம். கம்ப்யூட்டர் வந்ததும் கட்டற்ற மென்பொருள் என்ற மதத்தில் சேர்ந்தார். எழுதியவன் தான் எழுதியதை ஊருக்கே திறந்து காட்ட வேண்டும், வேண்டியவன் படித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம் என்பது அதன் வேதம். ஓய்வு பெற்றதும் பக்தி முற்றிவிட்டது. மூலநிரலைப் பார்க்க முடியாத எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். மடிக்கணினியின் வைஃபை சில்லுக்கு, கம்பெனிக்காரன் மூடி முத்திரை வைத்துக் கொடுக்கும் ஃபர்ம்வேர் இல்லாமல் உயிர் வராது என்று தெரிந்ததும், வைஃபையே வேண்டாம் என்று முற்றத்தின் குறுக்கே நீல ஒயர் இழுத்தார். சாரதாமணி அதில் துணி காயப்போட்டாள். ரேஷன் கடையில் விரல் வைக்கும் இயந்திரத்தின் மூலநிரலைக் கேட்டு அவர் வாதாடிய அன்று, பின்னால் நின்ற வரிசை நீண்டு நீண்டு மேட்டூர் அணையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது என்று வேல்முருகன் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

“பார்க்க முடியாததை நம்பாதே, சாரதா.” வீட்டில் காலைக் காப்பியோடு சேர்த்து இறங்குவது இந்த வாக்கியம்.

அப்படிப்பட்டவரின் காது போயிற்று. இடது காது சுத்தமாகக் கைகழுவி விட்டது. வலது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். கருவி வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம் எல்லாம் அதன் மூலநிரலைக் கேட்டார். இரண்டு வருடம் ஊமைப்படம் பார்ப்பது போல் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகள் அகல்யா, நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் டீச்சர், தொந்தரவு செய்யும் பையன்களை வகுப்பிலிருந்து இழுத்துப் போகும் அதே பிடியில் அவர் கையைப் பிடித்துச் சேலத்துக்கு இழுத்துப் போனாள்.

அங்கே காது பரிசோதிக்கும் மதுமதி என்ற பெண், அவர் கேள்விகளுக்குக் காகிதத்தில் எழுதிப் பதில் சொன்னாள். பிறகு சலித்துப்போய்க் கருவியைக் காதில் மாட்டிவிட்டே பேசினாள்.

“உள்ளே ஓடற ப்ரோகிராமை நான் பார்க்கணும்மா.”

“கம்பெனி தர மாட்டாங்க அங்கிள்.”

“நீ பார்த்திருக்கியா?”

“நான் எதுக்குங்க அங்கிள் பார்க்கறது?”

“கம்பெனில யாராச்சும் பார்த்திருப்பாங்களா?”

“எழுதினவங்க பார்க்காமலா எழுதியிருப்பாங்க?” என்று சிரித்தாள். “எத்தனையோ ஆயிரம் பேர் போட்டிருக்காங்க. நம்பிப் போடுங்க.”

“ஆயிரம் பேர் நம்பறதும் ஒருத்தன் சோதிச்சுப் பார்க்கறதும் ஒண்ணாகாது சாமி.”

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அகல்யா பெருமூச்சு விட்டாள். அது கேட்டது. மகளின் மூச்சு. இரண்டு வருடத்துக்குப் பிறகு. பாலசுந்தரம் அந்த மூச்சில் தோற்றுப்போய்க் கருவியோடு வீட்டுக்கு வந்தார்.

தோற்றது உறுத்திக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால் மூடி வைத்துவிட்டு வேறொன்றில் சரிபார்க்கலாம். இது அவருக்கும் உலகத்துக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்ட, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. துபாஷி சொல்வது நிஜமா என்று கேட்டுப் பார்க்க அவரிடம் வேறு காது இல்லை.

இப்போது இந்தத் தறிச் சத்தம். சத்தம் பிந்தி வரலாம். உள்ளே கணக்குப் போட நேரம் பிடிக்கும். கருவி என்றால் அந்தக் கோளாறு இருக்கத்தான் செய்யும். முந்தி எப்படி வரும்? எக்ஸ்சேஞ்சில் அவர் சர்வீஸ் முழுக்க, பேசாத பேச்சு ஒயரில் வந்ததாக ஒரு புகார் கூட வந்ததில்லை.

மறுநாள் சாரதாமணியைப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார்.

“நான் செவத்தப் பார்த்து உக்காந்துக்கறேன். உனக்குத் தோணறப்ப கீழே போடு. சத்தம் கேட்டதும் கை தூக்கறேன்.”

“பேரன் பேத்தி எடுக்கற வயசுல டம்ளர் போட்டு வெளையாடறோம். ஊரு வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்.”

“சோதனைடி.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கைகள் மடியில் இருந்தன. அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை. வேல்முருகன் தறியின் தடதடப்பு. பின்னால் இருந்து சாரதாமணியின் குரல் வந்தது.

“ஏனுங்க, அதுக்குள்ள கையைத் தூக்கிட்டீங்க? நான் இன்னும் போடவே இல்லையே!”

பாலசுந்தரம் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மடியில்தான் இருந்தன. தூக்கவில்லை. தூக்கவே இல்லை.

ணங்.

கை தானாக மேலே போனது.

அவர் திரும்பினார். சாரதாமணி டம்ளரைப் பிடித்தபடி வாயசைத்துக்கொண்டிருந்தாள்; இன்னும் போடவே இல்லையே என்ற அதே வாயசைப்பு. பிறகு கையை விட்டாள். டம்ளர் விழுந்து, ஒரு சத்தமும் போடாமல், உருண்டது.

“இன்னொரு தரம்,” என்றார். இந்த முறை அவளைப் பார்த்தபடியே நின்றார். அவள் டம்ளரை எடுத்துப் பிடித்தாள். ணங். அதோடு வேல்முருகனின் குரல், “அய்யோ அக்கா, பார்க்கலீங்க!” பாலசுந்தரம் கையைத் தூக்கினார்.

சாரதாமணிக்குக் குறும்பு வந்துவிட்டது. இப்போது போடமாட்டேன் என்பது போல டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலையில் நூல் மூட்டையோடு அவள் தம்பி வேல்முருகன் உள்ளே நுழைந்தான். மூட்டை அவள் முழங்கையில் இடித்தது.

டம்ளர் தரையில் விழுந்து சுழன்றது. வேல்முருகனின் வாய் ஏதோ சொல்லி முடித்தது. பாலசுந்தரத்துக்கு அது ஏற்கனவே தெரியும்.

“இப்ப யாருங்க மாமா ஜெயிச்சது?” என்று பிறகு அவன் கேலி செய்தான். யாரும் சிரிக்கவில்லை. சாரதாமணி டம்ளரை எடுத்துக் கழுவினாள். அது கழுவக் கழுவ அழுக்கு போகாத டம்ளர் போல, ரொம்ப நேரம் கழுவினாள்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் பதில் இவர் கேள்விக்கு முன்பே வந்து விழுந்துகொண்டிருந்தது. பதிலைக் கேட்டுவிட்டு, அதற்குப் பொருத்தமான கேள்வியைத் தேடிக் கேட்கும்படி ஆயிற்று. அந்த எரிச்சலில் அவர் போட்ட சத்தத்துக்குத் தெருத் தறிகள் எல்லாம் ஒரு சுற்று பின்னோக்கி ஓடியிருக்க வேண்டும்.

“சத்தம் லேட்டா வருதுங்களா சார்?”

“முந்தி வருதும்மா!”

“முந்தி வந்தா நல்லதுதானே சார்?”

“நடக்காதது எனக்குக் கேக்குது. உள்ளே என்ன எழுதி வெச்சிருக்கீங்க? அதைக் காட்டு. நானே பார்த்துத் திருத்திக்கறேன்.”

“அது கம்பெனி ரகசியம் சார். நீங்க எங்களை நம்பணும். அடுத்த அப்டேட் வந்தா சரியாயிடும்.”

வேண்டாம், வேண்டாம், அனுப்பாதே என்று கத்தினார். வேண்டாம் என்று சொல்வதற்கு, கருவியோடு அவர் போனில் ஏற்றிக் கொடுத்த செயலியில் பொத்தான் இல்லை. காலையில் கண் விழித்தபோது போனில் ஒரு வரி இருந்தது. ‘உங்கள் கருவி மேம்படுத்தப்பட்டது. இனி உங்கள் கேட்கும் அனுபவம் மேலும் சிறக்கும்.’ எதை மாற்றினார்கள்? அதைச் சொல்ல அந்தக் கம்பெனிக்கு வாய் இல்லை.

அன்றைக்கு உலகம் அவரை விட்டுக் கழன்றுகொண்டது. சாரதாமணி வாயசைத்தால் காதில் வேறு பேச்சு விழுந்தது. குழாயடியில் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்க, அவருக்கு யாரோ சண்டையிடுவது கேட்டது. வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் தெருக்கோடியில் நாதஸ்வரமும் தவிலும் கிளம்பின; கிட்டே வந்தன; வீட்டு வாசலைக் கடந்து போயின. வாசலுக்கு ஓடினார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை. தவில்காரன் அவர் முகத்துக்கு நேரே அடித்துவிட்டுப் போவது போல இருந்தது. நாய் காதைக் கூட அசைக்கவில்லை.

மறுநாள் அதே உச்சி வெயிலில் கல்யாண ஊர்வலம் வந்தது. நாதஸ்வரக்காரரின் கன்னங்கள் பலூன் மாதிரி உப்பின. தவில்காரனின் விரல்கள் பறந்தன. ஓசை இல்லை. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாகப் போனார். பாலசுந்தரத்தின் காதில் அந்த நேரத்தில் ஒரு காகம் கரைந்தது, யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். அவை நாளைக்கு உரிய சத்தங்கள்.

ஒரு நாள். முழுதாக ஒரு நாள் முந்தியிருக்கிறது.

கருவியைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை. இரவு நன்றாகத் தூங்கினார். காலையில் கோபம் திரும்பி வந்தது. சேலத்துக்குப் போய் அந்த மதுமதியின் மேசையில் இதைப் போட்டு, நாளைக்கு நீ என்ன பேசப் போகிறாய் என்று எனக்கு இன்றைக்கே தெரியும் என்று சொல்ல வேண்டும். போகும் முன் கடைசியாக ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். கோளாறு இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் புகார் கொடுப்பவன் மெக்கானிக்கா?

மதியம் முற்றத்தில், அம்மிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதில் மாட்டினார்.

முதலில் ஒன்றும் தெளிவில்லை. ஏதோ டப்பாவுக்குள் இருந்து கேட்பது போல ஒரு மங்கலான இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து பெண்களின் குரல்கள் பிரிந்து எழுந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக, இழுத்து இழுத்து. சாவு வீட்டு அழுகை.

யார்?

தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினார். வேல்முருகனின் குரல் வந்தது, யாருக்கோ விளக்கிச் சொல்வது போல. “ஆஸ்பத்திரியில மெஷினே காட்டிருச்சுங்க. கோடு நேரா போயிருச்சு. அப்பறம் என்னத்தப் பார்க்கறது?”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு கரகரவென்று காதுக்கு மிக அருகில் நகம் உரசியது. கருவியையே யாரோ கையில் எடுத்தார்கள். துணி உரசியது. அழுகை சட்டென்று தெளிந்து, சுற்றிலும் விரிந்தது. கன்னத்தோடு ஒட்டியது போல ஒரு குரல்.

“இதையும் வெச்சுத்தான் அனுப்போணும். இது இல்லாட்டி அவருக்கு ஒண்ணுமே கேக்காது.”

சாரதாமணி.

பாலசுந்தரம் தலையை நிமிர்த்தினார். அவள் முற்றத்தில்தான் இருந்தாள், நீல ஒயரில் காய்ந்த துண்டை உதறி மடித்துக்கொண்டு. வாய் மூடியிருந்தது.

அவர்கள் வகையறாவில் எரிப்பதில்லை, மண்ணுக்குள்தான். போகிறவர் புழங்கிய சாமானைக் கூடவே வைத்து அனுப்புவது வழக்கம். அவர் அப்பாவுக்கு வெற்றிலைப் பெட்டி. பெரியப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி.

கழற்றிவிடலாம். கை காது வரைக்கும் போனது. ஆனால் சோதனையைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத கை அது, கீழே இறங்கிவிட்டது.

சங்கு ஊதினார்கள். சேகண்டி. தூக்குகிற ஆட்களின் மூச்சு. பெண்களின் அழுகை பின்தங்கித் தேய்ந்தது. தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக விலகியது. காற்று, திறந்த வெளியின் காற்று. காய்ந்த புல்லில் கால்கள். இறக்கினார்கள்.

பிறகு சரசரவென்று, மெல்லியதாக, நிறைய. அவருக்குத் தெரியும். உப்பு. குழிக்குள் உப்பு கொட்டுகிறார்கள்.

மண். கைப்பிடி மண். ஒவ்வொருவராகப் போட்டார்கள். பிறகு மண்வெட்டி. தொப். தொப். ஒவ்வொரு தொப்புக்கும் வெளியே இருந்த பேச்சு ஒரு அடி தள்ளிப் போனது. “போதும், மேல மேடு கட்டுங்க,” என்றது யாரோ, கிணற்றுக்கு வெளியே இருந்து. தொப். அதன் பிறகு பேச்சு இல்லை. காற்று இல்லை. காகம் இல்லை.

முடிந்தது என்று நினைத்தார்.

மூச்சு.

உள்ளே. மிக அருகில். இழுத்து, நின்று, விட்டு. இழுத்து. துணியில் பட்டுத் திரும்பும் மூச்சு. பிறகு ஒரு விரல், கட்டிவைத்த விரல், எதையோ பிராண்டப் பார்க்கும் ஓசை. சர். சர். பிறகு குரல். உப்பு அடைத்த குரல்.

“சாரதா…”

அவர் குரல்.

ஸ்டூல் கவிழ எழுந்தார். முற்றம் முழுக்க வெயில். கஞ்சிப் பசையின் புளிப்பு வாசனை தெருவில் இருந்து வந்தது. உடம்பு நனைந்திருந்தது.

“சாரதா! நான் சொல்றதைக் கேளு. நாளைக்கு என்னைப் பொதைக்கப் போறீங்க. நான் சாகலை. மெஷின் செத்துட்டேன்னு காட்டும். நம்பாதே. உசுரு இருக்குது. உள்ளே இருந்து உன்னைக் கூப்புடறேன், கேட்டேன்டி, இப்பத்தான் கேட்டேன்.”

சாரதாமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். அவர் நெற்றியைத் தொட்டாள். அவள் உதடுகளை அவர் படித்தார்.

‘காய்ச்சலா இருக்குது. வந்து படுங்க.’

“இதுல கேட்டேன்!”

‘இந்தப் பெட்டிலயா?’ அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உதடுகள் வேகமாக அசைந்தன, ஆனால் அவருக்குப் புரியும்படி. ‘தொறந்து காட்டாத பெட்டிய நம்பாதேன்னு நீங்கதானே தெனமும் பாடம் எடுத்தீங்க? இத மட்டும் நான் எப்படிங்க நம்பறது?’

அவளை இவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்தது அவர்தான். காதுக்குள் மூச்சு நடந்துகொண்டே இருந்தது. இழுத்து. நின்று. விட்டு.

இன்றைக்கும் நாளைக்கும் நடுவே ஏதோ நடக்கப் போகிறது. எது? எப்போது? அந்த ஒரு நாளின் சத்தம் முழுக்க, பீரோவுக்குள் யாரும் கேட்காமல் ஓடி முடிந்திருந்தது. பூட்டியது யார்? அவரே. எரிச்சலில் பல்லைக் கடித்தார். அந்த எரிச்சலில்தான் வழி தெரிந்தது.

நாளைக்கு மண்ணுக்குள் இந்தக் கருவி காதில் இருந்தால்தானே இது கேட்கும்? இன்றைக்கே இதை நொறுக்கிவிட்டால்? கேட்க எதுவும் இருக்காது. கேட்டது பொய்யாகும். சோதனை தோற்கும். தோற்கட்டும்.

கருவியைப் பிடுங்கி அம்மியின் மேல் வைத்தார். சாம்பல் நிறப் புளியங்கொட்டை. இரண்டு கையாலும் குழவியைத் தூக்கினார். சாரதாமணி தடுக்க ஓடி வருவது தெரிந்தது.

குழவி தலைக்கு மேலே போனது.

இடது கை காணாமல் போனது. கை இருந்தது, அவருடையதாக இல்லை. குழவி பின்னால் நழுவியது. முற்றத்து வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கன்னத்தில் சிமெண்டுத் தரையின் சூடு. கண்ணுக்கு நேரே, அம்மியில் இருந்து கருவி மெல்ல உருண்டு விழுந்தது. ஒரு கீறல் கூட இல்லை.

அதன் பிறகு எல்லாம் ஓசையில்லாமல் நடந்தது.

இமைகளுக்கு நடுவே கீற்றாக வெளிச்சம். அதில் ஒரு காரின் கூரை. வேல்முருகனின் மோவாய், நடுங்கிக்கொண்டு. ஏதோ ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர். சட்டையைப் பிரித்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த வில்லைகளை ஒட்டினார்கள். ஒரு விரலை அசைத்தால் போதும். விரல் அசையவில்லை. இமையை ஒரு தடவை. ஒரே தடவை. இமை அசையவில்லை.

இளம் டாக்டர் வந்தார். பாலசுந்தரத்தின் மணிக்கட்டை அவர் தொடவில்லை. கண்ணை விரித்துப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்தார். அதில் ஒரு கோடு, ஒழுங்காக, நேராக, ஓடிக்கொண்டிருந்தது. வேல்முருகனிடம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

திறந்து பாருங்க. அதைத் திறந்து பாருங்க. உள்ளே என்ன ஓடுதுன்னு பாருங்க. அவர் கத்திக்கொண்டே இருந்தார். வாய் மூடியிருந்தது. நெற்றியைச் சுற்றி ஒரு துணி வந்து அதை இன்னும் நன்றாக மூடிக் கட்டியது.

ராத்திரி. ஊதுவத்தி. அகல்யாவின் ஈரமான முகம் அவர் தோளில்.

பகல். மஞ்சள் தண்ணீர். புது வேட்டியின் கஞ்சி நெடி. கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டன.

சாரதாமணி அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் கருவி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருக்கிறாள். அதன் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ தடுத்தார்கள் போலிருக்கிறது. நிமிர்ந்து, அவர்களிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். படிக்கத் தேவையில்லை.

புடவைத் தலைப்பால் கருவியைத் துடைத்தாள். ஈரம் இருந்துவிடப் போகிறது என்று ஒரு தடவை ஊதினாள். அவர் தலையைத் தன் பக்கம் மெல்லத் திருப்பி, வலிக்குமோ என்று பயப்படுவது போல, வலது காதுக்குள் அதைப் பொருத்தினாள்.

காதுக்குள் அழுகை இல்லை. சங்கு இல்லை. மண்ணின் கனத்த அமைதி. இன்றைக்கு அல்ல, நாளைக்கு. அதற்குள், தேய்ந்து நூலாகிப் போன குரல் ஒன்று, இன்னும் விடாமல்.

“சாரதா.”

மூச்சு.

“சாரதா.”

அவர் காதோரத்து முடியை விரலால் ஒதுக்கிச் சரிசெய்துவிட்டு, சாரதாமணி எழுந்து, தூக்க வந்தவர்களுக்கு வழி விட்டாள்.